காதலர் தினத்துக்கு நதிமூலம் பார்ப்பது எப்படி

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். காதலர் தினத்தின் பூர்வீகத்தைத் தேடப் போனால் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு ரிஷியே நதிக்குள் விழுந்து கிடக்கிறார். அவரை மெதுவாக வெளியே எடுத்துக் கரையில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இந்த வேலையை எப்படிச் செய்வது என்றுதான் சொல்லப் போகிறேன். மேடையில் பேசுகிறவர்கள், குழந்தைகளுக்கு விளக்குகிறவர்கள், குழுவில் வரும் ஃபார்வர்டைப் பார்த்து ‘இது நிஜமா?’ என்று ஒரு நொடி தயங்குகிறவர்கள் யாருக்கும் இது பயன்படும்.

முதலில் கையில் இருக்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே தெரிந்ததுதான். ரோமாபுரியில் இரண்டாம் க்ளாடியஸ் என்று ஒரு பேரரசன். கல்யாணமான சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்று கல்யாணத்துக்கே தடை போட்டான். வாலண்டைன் என்ற பாதிரியார் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்தார், பிடிபட்டார், சிறைக் காவலரின் மகளுக்குப் பார்வை கிடைக்கச் செய்தார், அவள்மேல் அன்பும் கொண்டார். சாவதற்கு முன்பு ‘உன் வாலண்டைன்’ என்று கையெழுத்திட்டு அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கி.பி. 269 பிப்ரவரி 14 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. இந்தக் கதையை நானும் இரண்டு மூன்று வருடம் பக்தியோடு நாலு பேருக்கு அனுப்பியவன்தான், அதனால் யாரையும் கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை.

முழுக் கதையையும் ஒரே மூச்சில் நம்பவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். துண்டு துண்டாக வெட்டுங்கள். வாலண்டைன் என்று ஒருவர் இருந்தாரா, க்ளாடியஸ் கல்யாணத்தைத் தடை செய்தானா, ரகசியத் திருமணம் நடந்ததா, அந்தப் பெண், அந்தக் கடிதம், அந்தத் தேதி என்று ஒவ்வொன்றும் தனித்தனி வழக்கு. ஒரு தாளில் இவற்றை வரிசையாக எழுதி, பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு ஒன்று, அதை முதன்முதலில் யாரோ எழுதிவைத்த ஆண்டு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கழித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பொய்கள் இந்தக் கழித்தல் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும்.

ரிஷியை வெளியே எடுப்பது

வாலண்டைன் என்பது அன்றைக்குச் சாதாரணப் பெயர். லத்தீனில் ‘வலென்ஸ்’ என்றால் வலிமையானவன், அதிலிருந்து வந்தது. அதனால் முதல் சிக்கல், எந்த வாலண்டைன்? பிப்ரவரி 14-க்கு உரியவர்களாக இரண்டு பேர் முக்கியமாக வருகிறார்கள். ஒருவர் ரோம் நகரத்துப் பாதிரியார். இன்னொருவர் அதற்கு வடக்கே டெர்னி என்ற ஊரின் ஆயர், அதாவது பிஷப். மூன்றாவதாக ஆப்பிரிக்காவில் ஒருவர் இருந்ததாக ஒரு குறிப்பு உண்டு, பெயரைத் தாண்டி அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. முதல் இருவரும் ஒரே ஆள்தான், இரண்டு ஊர்க்காரர்களும் உரிமை கொண்டாடியதில் இரண்டாகப் பிரிந்துவிட்டார் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

இப்போது கழித்தல் கணக்கைப் போடுங்கள். சாவு 269 வாக்கில். ரோமின் மறைசாட்சிகளை, அதாவது மதத்துக்காக உயிர்விட்டவர்களை, வரிசைப்படுத்தும் பழைய பட்டியல் 354-ம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது, அதில் வாலண்டைன் பெயர் இல்லை. ரோமிலிருந்து வடக்கே போகும் ஃப்ளமினியா சாலையில் அவருடைய கல்லறை இருந்தது, 4-ம் நூற்றாண்டில் போப் முதலாம் ஜூலியஸ் அங்கே ஒரு ஆலயம் எழுப்பினார், ஆக அந்தப் பெயரில் ஒருவரை மக்கள் மதித்திருக்கிறார்கள் என்பது வரை சரி. ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாறாக நமக்குக் கிடைப்பவை 5, 6-ம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட பக்திக் கதைகள். நடுவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பேரன் பேத்தி கொள்ளுப்பேரன் எல்லோரும் கண், காது, மூக்கு வைக்க அது தாராளமான நேரம்.

அந்தப் பக்திக் கதைகளைப் படிக்கும்போது இரண்டாவது உத்தியைப் பயன்படுத்துங்கள். என்ன இருக்கிறது என்பதோடு, என்ன இல்லை என்றும் பாருங்கள். ரோம் பாதிரியாரின் கதையில் ஆஸ்டீரியஸ் என்ற அதிகாரி வருகிறார், அவர் வீட்டில் வளரும் பார்வையற்ற பெண் வருகிறாள், வாலண்டைன் ஜெபித்ததும் பார்வை வருகிறது, அந்த வீட்டில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மதம் மாறுகிறார்கள், அதன்பின் மரண தண்டனை. டெர்னி ஆயரின் கதையில் கிராட்டன் என்ற அறிஞரின் மகனுக்கு நோய் குணமாகிறது. முடிந்தது. ரகசியக் கல்யாணமும் கிடையாது, சிறையில் மலர்ந்த அன்பும் கிடையாது, கடிதமும் கிடையாது. 13-ம் நூற்றாண்டில் ஜேக்கபஸ் டி வொராஜினே தொகுத்த ‘லெஜெண்டா ஆரியா’ என்ற புனிதர் கதைத் தொகுப்பைத் திறந்து பாருங்கள், அங்கேயும் பார்வை பெற்ற பெண் வரைதான். அதாவது வாலண்டைன் இறந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் அவருக்கும் காதலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் தாளில் ‘கடிதம்’, ‘ரகசியத் திருமணம்’ இரண்டையும் அடித்துவிடலாம். பார்வையற்ற பெண் மட்டும் பழையவள், அவளைப் ‘பக்திக் கதை’ என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளாடியஸ் விஷயத்தில் மூன்றாவது உத்தி. கதையில் சொல்லப்படும் சட்டம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று வேறு பக்கத்திலிருந்து சரிபாருங்கள். ரோம் பேரரசின் முதல் இருநூறு ஆண்டுகள் சிப்பாய்கள் பணியில் இருக்கும்போது சட்டப்படி கல்யாணம் செய்ய முடியாது என்ற விதி உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதைத் தளர்த்தியவர் செப்டிமியஸ் செவரஸ் என்ற பேரரசர், 2-ம் நூற்றாண்டின் கடைசியில், அதாவது க்ளாடியஸுக்கு எழுபது ஆண்டுகள் முன்பே. க்ளாடியஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்ததாக எந்தப் பதிவும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’ என்ற பழைய லத்தீன் நூலில் க்ளாடியஸ் எழுதியதாக ஒரு கடிதம் வருகிறது, அதில் கோத் இனத்தவரை வென்ற பெருமையில், ஒவ்வொரு சிப்பாய்க்கும் இரண்டு மூன்று பெண்கள் கிடைக்கும் அளவுக்குச் சிறைபிடித்திருக்கிறோம் என்கிறான். அந்த நூலே கட்டுக்கதைகளுக்குப் பேர் போனது, அதனால் அதையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் பெண்வாசனையே கூடாது என்று சட்டம் போட்டவனாக அவனை யாரும் நினைத்திருக்கவில்லை என்பதாவது தெரிகிறது.

இன்னொன்று. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவதை முந்தைய பேரரசன் காலியெனஸ் 260-லேயே நிறுத்திவிட்டான், அடுத்த பெரிய வேட்டை 303-ல் டயக்ளீஷியன் காலத்தில்தான். க்ளாடியஸ் ஆண்டது 268 முதல் 270 வரை, கோத்களோடு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது, கடைசியில் கொள்ளை நோயில் செத்தான். தன் கையால் விசாரித்துத் தண்டிக்கும் கொடுங்கோலன் வேடம் அவனுக்கு ஒட்டவில்லை. பிற்காலக் கதாசிரியர்களுக்கு வில்லனாக ஒரு பெயர் தேவைப்பட்டது, இவன் பெயர் அகப்பட்டது என்பது என் ஊகம்.

இதற்கெல்லாம் திருச்சபையே என்ன சொல்கிறது என்று கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1969-ல் தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது வாலண்டைன் நினைவு நாளை அதிலிருந்து எடுத்துவிட்டது. பெயரையும், பிப்ரவரி 14 அன்று ஃப்ளமினியா சாலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்பதுதான் காரணம். புனிதர் பட்டம் போகவில்லை, மறைசாட்சிகள் பட்டியலில் இன்னும் இருக்கிறார். அந்தத் திருத்தத்தை அறிவித்த போப் ஆறாம் பவுலின் ஆணையில் போட்டிருக்கும் தேதி எது தெரியுமா, 1969 பிப்ரவரி 14. வேண்டுமென்றே செய்தார்களா என்று தெரியாது, ஆனால் கதை சொல்லும்போது இந்த இடத்தில் ஒரு சிரிப்பு நிச்சயம்.

சரி, ரிஷியைக் கரையில் உட்கார வைத்தாயிற்று. இடையில் ஒரு உதிரித் தகவல். ஜெர்மன் பேசும் பகுதிகளில் வாலண்டைன் வலிப்பு நோயாளிகளின் காவலர். ‘விழு’ என்பதற்கான ஜெர்மன் சொல் அவர் பெயரின் ஒலியோடு ஒத்துப்போவதுதான் அதற்குப் பின்னணி. காதலைத் தவிர அவருக்கு வேறொரு முழுநேர வேலையும் இருந்திருக்கிறது.

ஓநாய்க் குகைப் பக்கம் போகும்போது கவனம்

‘கதை பொய் என்றால் நிஜம் எது?’ என்று கேட்டதும் பாதிப்பேர் போய் நிற்கும் இடம் லூப்பர்காலியா. இது பழைய ரோமானியர்களின் திருவிழா, பிப்ரவரி 15-ல் நடந்தது. இதைத் திருச்சபை ஒழித்துக்கட்ட முடியாமல் வாலண்டைன் பெயரை ஒட்டிக் காதலர் தினமாக மாற்றியது என்பது வாதம். படித்தவர்கள் சொல்வது போன்ற தோரணை இதற்கு உண்டு, அதனால் முதல் கதையைவிட இதுதான் ஆபத்து.

இங்கே பயன்படுத்த வேண்டிய உத்தி எளிமையானது. தேதி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்று இன்னொன்றின் பிள்ளையாகிவிடாது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் நம் வீட்டு வாரிசா? முதலில் அந்தத் திருவிழாவில் என்னதான் நடந்தது என்று நேரில் பார்த்தவர்கள், கேட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய ‘ஃபாஸ்டி’யின் இரண்டாம் பகுதி, கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய ரோமுலஸ், சீசர் வரலாறுகள், இவையெல்லாம் மொழிபெயர்ப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாலட்டைன் குன்றின் அடியில் ஒரு குகை, ரோமுலஸையும் ரீமஸையும் ஓநாய் பால்கொடுத்து வளர்த்த இடம் என்று நம்பிக்கை. அங்கே ஆடுகளையும் ஒரு நாயையும் பலி கொடுப்பார்கள். இரண்டு இளைஞர்களின் நெற்றியில் ரத்தக் கத்தியைத் தொட்டு, பாலில் நனைத்த கம்பளியால் துடைப்பார்கள், துடைத்ததும் அவர்கள் சிரிக்க வேண்டும், அது சடங்கு. அப்புறம் அந்த ஆட்டுத்தோலை வார் வாராக அறுத்துக்கொண்டு, இடுப்பில் மட்டும் தோலைச் சுற்றி ஓடுவார்கள், எதிரில் வருகிறவர்களை அடிப்பார்கள். அடிபட்டால் பிள்ளைப் பேறு கிடைக்கும், பிரசவம் சுலபமாகும் என்று பெண்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கி.மு. 44-ல் மார்க் ஆண்டனி சீசருக்கு மகுடம் நீட்டியது இந்த ஓட்டத்தின் நடுவில்தான். சுத்திகரிப்புச் சடங்குப் பொருட்களுக்கு ‘ஃபெப்ருவா’ என்று பெயர், மாதத்தின் பெயரே அதிலிருந்து வந்தது.

இதில் காதல் எங்கே என்று தேடிப் பாருங்கள். கருவளம் இருக்கிறது, சுத்திகரிப்பு இருக்கிறது, நிறைய ஆட்டு ரத்தம் இருக்கிறது. ஒருவனும் ஒருத்தியும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கும் விஷயம் மட்டும் இல்லை.

‘குடத்துக்குள் பெண்கள் பெயரைப் போட்டு ஆண்கள் சீட்டு எடுப்பார்களே?’ என்று யாராவது மடக்குவார்கள். இந்தச் சீட்டுக் கதைக்குத்தான் கழித்தல் கணக்கு மிகவும் தேவை. ஓவிட்டிடம் அது இல்லை, புளூட்டார்க்கிடமும் இல்லை. 18-ம் நூற்றாண்டில், 1750-களில், ஆல்பன் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் புனிதர்களின் வரலாறு எழுதும்போது, ஜூனோ தேவியின் பெயரால் பையன்கள் பெண்களின் பெயரைச் சீட்டெடுத்தார்கள் என்று எழுதினார். 1807-ல் ஃபிரான்சிஸ் டவுஸ் என்பவர் அதற்கு இன்னும் கொஞ்சம் மெருகேற்றினார். பட்லர் காலத்து இங்கிலாந்தில் வாலண்டைன் நாளில் சீட்டெடுக்கும் பழக்கம் ஏற்கனவே இருந்தது, தன் கண்முன்னால் நடந்ததை எடுத்துக்கொண்டு போய் ரோமானியர்கள் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. இந்த நூலிழையைப் பிடித்துப் பொறுமையாகப் பிரித்தவர் ஜாக் ஒரூச் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அவருடைய கட்டுரை 1981-ல் வந்தது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் ஃபார்வர்டுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அதேபோல, போப் முதலாம் கெலாசியஸ் 496-ல் காதலர் தினத்தை அறிவித்தார் என்பதும். கெலாசியஸ் 492 முதல் 496 வரை போப், லூப்பர்காலியாவைக் கண்டித்து அவர் எழுதிய நீண்ட கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. நல்ல காரசாரமான கடிதம். திருவிழாவை விட்டால் நோய் வரும் என்று முனகுகிற பெரிய மனிதர்களைப் பார்த்து, அவ்வளவு நம்பிக்கை இருந்தால் உங்கள் முன்னோர் போல நீங்களே ஆடையில்லாமல் ஓடுங்களேன், ஏன் கூலிக்கு ஆள் பிடிக்கிறீர்கள் என்கிற ரீதியில் போகிறது. ஆனால் அதில் வாலண்டைன் இல்லை, காதல் இல்லை, இதற்குப் பதில் அது என்ற பேச்சே இல்லை. குறித்துக்கொள்ளுங்கள், அடித்துவிடுங்கள்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

தேடுகிற முக்கால்வாசிப் பேர் இதுவரை வந்துவிட்டு, ‘எல்லாம் பொய், வாழ்த்து அட்டைக் கம்பெனி செய்த வேலை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுவும் தப்பு. வாலண்டைன் யார் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘பிப்ரவரி 14’, ‘காதல்’ இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் முதன்முதலாக எங்கே சேர்ந்து வருகின்றன என்று கேளுங்கள். பதில் உடனே கிடைக்கும். 1380-களின் இங்கிலாந்து, ஜெஃப்ரி சாசர் என்ற கவிஞர், ‘பறவைகளின் பாராளுமன்றம்’ என்ற கவிதை.

எழுநூறு வரிக்கு ஒன்று குறைவு, 699 வரி. கட்டாயம் ஒருமுறை படியுங்கள், பழைய ஆங்கிலம் தொந்தரவாக இருந்தால் இன்றைய ஆங்கில வடிவங்கள் இருக்கின்றன. ஒருவன் கனவு காண்கிறான், இயற்கை என்னும் தேவி கொலுவீற்றிருக்கிறாள், அன்று புனித வாலண்டைன் நாள், எல்லாப் பறவைகளும் தத்தம் துணையைத் தேர்ந்தெடுக்க வந்து குவிந்திருக்கின்றன. தேவியின் கையில் ஒரு பெண் கழுகு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மூன்று ஆண் கழுகுகள் போட்டி. மூன்றும் மாறி மாறிக் காதல் வசனம் பேசிக்கொண்டே இருக்க, காத்திருந்து காத்திருந்து மற்ற பறவைகளுக்குப் பொறுமை போய்விடுகிறது. வாத்தும் குயிலும் சீக்கிரம் முடியுங்கள் என்று கத்துகின்றன. கடைசியில் முடிவைத் தேவி பெண் கழுகிடமே விடுகிறாள். அது என்ன சொல்கிறது? எனக்கு ஒரு வருடம் அவகாசம் வேண்டும். அவ்வளவுதான், மற்ற பறவைகள் ஜோடி சேர்ந்து கோடையை வரவேற்றுப் பாடிவிட்டுப் பறந்துவிடுகின்றன. காதலர் தினத்தின் முதல் இலக்கியத்திலேயே ஒரு பெண் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்கிறாள், எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கும் போஹீமியாவின் ஆனுக்கும் 1382 ஜனவரியில் கல்யாணம் நடந்தது, அதையொட்டித்தான் இந்தக் கவிதை எழுதப்பட்டது என்று பலர் கருதுகிறார்கள். பொருந்தித்தான் போகிறது, ஆனாலும் சொல்லும்போது ‘கருதுகிறார்கள்’ என்றே சொல்லுங்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பிப்ரவரி நடுவில் இங்கிலாந்தில் குளிர் விறைக்கும், அங்கே ஏது பறவைகளின் கூடல், ஏது கோடைப் பாட்டு? இதை விட்டுவிடாதீர்கள், நல்ல இடம். ஒரு விடை நாட்காட்டியில் இருக்கிறது. அன்றைக்கு ஜூலியன் நாட்காட்டி, அது அப்போது சூரியக் கணக்கிலிருந்து எட்டு நாள் விலகியிருந்தது, ஆக சாசரின் பிப்ரவரி 14 இன்றைய கணக்குக்குப் பிப்ரவரி 22. பழைய நாட்காட்டிகள் சிலவற்றில் வசந்தம் அந்த வாக்கில்தான் தொடங்குகிறது. இன்னொரு விடையை 1986-ல் ஹென்றி ஆன்ஸ்கர் கெல்லி என்ற ஆய்வாளர் கொடுத்தார். இத்தாலியின் ஜெனோவா நகரில் வேறொரு வாலண்டைன் இருந்தார், அவருடைய திருநாள் மே மாதத் தொடக்கத்தில், சாசர் மனதில் இருந்தது அவர்தான் என்பது அவர் வாதம். எல்லோரும் ஏற்கவில்லை. நான் நாட்காட்டிப் பக்கம். ஆனால் நீங்கள் யாருக்காவது சொல்லும்போது இரண்டையும் சொல்லிவிடுங்கள், வரலாறு என்பது இப்படிப் பேசிக்கொண்டே இருக்கும் ஒன்று என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில் தப்பில்லை.

சாசர் ஒருவரே தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார் என்றும் சொல்லிவிட வேண்டாம். அதே காலத்தில் ஓட்டன் டி கிரான்சன் என்ற சவோய் நாட்டு வீரர் பிரெஞ்சில் வாலண்டைன் கவிதைகள் எழுதினார், ஜான் கோவர் என்ற ஆங்கிலக் கவிஞரும் எழுதினார். இவர்கள் ஒருவரையொருவர் படித்தவர்கள், ஒரே அரசவை வட்டாரம். யார் முதலில் என்று சண்டை இன்னும் ஓயவில்லை. பாதுகாப்பான வாக்கியம் இதுதான்: 14-ம் நூற்றாண்டின் கடைசியில், அரசவைக் கவிஞர்களின் கையில், பறவைகள் ஜோடி சேரும் நாளாகத்தான் பிப்ரவரி 14 காதலுக்குள் வந்தது.

கவிதை வாழ்க்கைக்குள் இறங்கியதா என்று பாருங்கள்

கவிஞர்கள் எதையாவது எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள், ஊர் அதை எடுத்துக்கொண்டதா என்பதற்குத் தனிச் சாட்சி வேண்டும். அதற்குக் கடிதம், நாட்குறிப்பு, கணக்குப் புத்தகம் மாதிரி, பிற்காலத்துக்கு என்று யோசிக்காமல் எழுதப்பட்டவற்றைத் தேடுங்கள்.

மிக நல்ல சாட்சி, 1477 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் மார்ஜரி ப்ரூஸ் என்ற இளம்பெண் ஜான் பேஸ்டனுக்கு அனுப்பிய கடிதம். பேஸ்டன் குடும்பக் கடிதக்கட்டில் அது பிழைத்துக் கிடந்தது. ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் வாலண்டைன் கடிதங்களில் இதுதான் மூத்தது. அவரைத் தன் பேரன்புக்குரிய வாலண்டைன் என்று அழைக்கிறாள். உங்களிடமிருந்து சேதி வரும்வரை உடம்பும் சரியில்லை மனசும் சரியில்லை என்கிறாள். உடனே பணப் பேச்சு. அப்பா தரும் சீதனம் பேஸ்டன் தரப்புக்குப் போதவில்லை, அம்மா எவ்வளவோ சொல்லியும் அப்பா மேலே ஒரு காசு ஏற்ற மறுக்கிறார், நிஜமாக என்னை நேசிப்பதானால் இதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள் என்று எழுதுகிறாள். அவளே தன் கையால் எழுதவில்லை, அப்பாவின் பணியாளர் ஒருவரிடம் சொல்லி எழுத வைத்தாள் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கூச்சமும் துணிச்சலும் இன்னும் கூடித் தெரியும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவளுடைய அம்மா எலிசபெத் அதே சமயம் மாப்பிள்ளைக்கு எழுதியது. வெள்ளிக்கிழமை வாலண்டைன் நாள், ஒவ்வொரு பறவையும் தன் துணையைத் தேர்ந்தெடுக்கும், வியாழன் இரவே வந்து திங்கள் வரை தங்குங்கள், என் கணவரிடம் பேசலாம் என்று தூண்டில் போடுகிறார். கவனியுங்கள், சாசரின் பறவைகள் நூறு வருடத்துக்குள் ஒரு கிராமத்துப் பெரியவீட்டு அம்மாவின் கல்யாணப் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. சிறைக் கடிதமோ ஓநாய்க் குகையோ அவர் வாயில் வரவில்லை. ஷேக்ஸ்பியரிடமும் இதே கதைதான், ‘நடுக்கோடை இரவுக் கனவு’ நாடகத்தில் காட்டில் தூங்கிக் கிடக்கும் காதலர்களைப் பார்த்ததும் தீசியஸ் கேட்பது, வாலண்டைன் நாள் போய்விட்டதே, இந்தக் காட்டுப் பறவைகள் இப்போதுதான் ஜோடி சேருகின்றனவா என்று.

17-ம் நூற்றாண்டுக்கு, லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பைப் புரட்டுங்கள், ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 14-ம் தேதிப் பதிவை மட்டும் படித்தால் போதும். அன்று காலையில் முதலில் கண்ணில் படும் ஆண்தான் அந்த ஆண்டின் வாலண்டைன் என்ற நம்பிக்கையால், வீட்டில் முலாம் பூசிக்கொண்டிருந்த வேலையாட்களைப் பார்த்துவிடக் கூடாதென்று 1662-ல் அவர் மனைவி காலை முழுக்கக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு திரிந்தாராம். 1667-ல் ஒரு சின்னப் பையன் நீலக் காகிதத்தில் அவர் மனைவியின் பெயரைப் பொன் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து தருகிறான். அதே ஆண்டு பீப்ஸும் மனைவிக்கு வாலண்டைன், ஐந்து பவுண்டு செலவாகும் என்று அலுத்துக்கொள்கிறார். வாழ்த்து அட்டைக் கம்பெனிகள் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முன்பே கணவன்மார் செலவுக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாகச் சொல்லிவிடக் கூடியது. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்று வந்ததும் வாலண்டைன் அட்டை எல்லோர் கைக்கும் எட்டியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் வொர்செஸ்டரில் எஸ்தர் ஹவ்லேண்ட் என்ற பெண் 1840-களின் கடைசியில் சரிகைக் காகித அட்டைகள் செய்ய ஆரம்பித்து, பெண்களை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு பாகம் ஒட்டச் சொல்லிப் பெரிய தொழிலாக்கினார். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆக, கம்பெனிகள் இந்த நாளை ஊதிப் பெரிதாக்கின என்று சொல்லலாம், உண்டாக்கின என்று சொல்ல முடியாது.

பிறருக்குச் சொல்லும்போது

தாளைத் திரும்ப எடுங்கள். சொல்லும் வரிசையை மாற்றிவிடுங்கள், இது முக்கியம். ரோமில் ஆரம்பித்தால் ‘அது பொய், இது பொய்’ என்று பத்து நிமிடம் போய், பறவைகள் வருவதற்குள் ஆட்கள் எழுந்துவிடுவார்கள். மார்ஜரியின் கடிதத்தில் ஆரம்பியுங்கள், அம்மாவின் பறவை வரியிலிருந்து சாசருக்குப் பின்னால் போங்கள், அங்கிருந்து ‘சரி, இவர்கள் ஏன் வாலண்டைன் என்ற பெயரைப் பிடித்தார்கள்?’ என்று கேட்டு, அது அந்தத் தேதிக்கு உரிய புனிதரின் பெயர், அவ்வளவே என்று ரோமுக்குப் போய்ச் சேருங்கள். அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும், ரகசியக் கல்யாணக் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று என்று. காதல் வந்த பிறகு அதற்குப் பொருத்தமாகப் புனிதருக்கு ஒரு வாழ்க்கை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுப் பெரியவரோ ஆசிரியரோ சிறைக் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நடுவில் பாய வேண்டாம். ‘இதை முதலில் எழுதினது யாருங்க?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நான் அப்படிக் கேட்கப்பட்டுத்தான் இதில் இறங்கினேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மார்ஜரி கதையில் ஆரம்பித்தால் கேட்பவர்கள் கடைசியில் ரோமையும் போப்பையும் விட்டுவிட்டு, ‘அப்புறம் அந்தக் கல்யாணம் நடந்ததா?’ என்றுதான் கேட்பார்கள். நடந்தது, அதே 1477-ல்.